மூடும் சத்தம்

இடப்பக்கமாத் திரும்பிப் படுங்கண்ணா என்றாள்.
நெஞ்சில் தடவிய பசை
மார்கழித் தொட்டி மாதிரி சில்லிட்டது.
தருமபுரி பெரியாஸ்பத்திரி, எக்கோ அறை,
டோக்கன் நாற்பத்தொன்று.
பேரு? தீர்த்தகிரி.
வயசு? ஐம்பத்து மூன்று.
வேலை?
தண்ணி திறந்து விடறது.

இண்டூருக்கு மேற்கே எங்கள் ஊர்.
மேல்நிலைத் தொட்டி ஒன்று, வால்வு ஒன்பது.
எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று என்பது
மணிக்கட்டுக்கு மனப்பாடம்.
கோயில் தெருவுக்குப் பதினொன்று,
பள்ளிக்கூடத்துக்கு ஆறே முக்கால்.
அரைச் சுற்று கூடினால்
மேட்டுத் தெருவில் குடம் உருளும்.

திரையில் அது தெரிந்தது.
ஒகேனக்கல் பரிசல் துறையில்
கூடையில் கிடக்கும் கெண்டை
வாயைத் திறந்து திறந்து மூடுமே,
அப்படி.
என்னுடையதா என்றேன்.
வேற யாரோடதுண்ணா, என்று சிரித்தாள் ஷாயிஸ்தா.
நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.
காவிரி வருவதற்கு முந்தின
போர்வெல் காலத்துப் பல்.

சிவப்பு ஒரு பக்கம் பாய்ந்தது, நீலம் ஒரு பக்கம்.
சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்டதாம்மா?
இல்லண்ணா.
இந்தக் கருவியைப் பாத்து வந்தா சிவப்பு,
விலகிப் போனா நீலம்.
கெட்டதுன்னு ஒண்ணும் கிடையாது.

பிறகு சத்தத்தைத் திருகினாள்.
லப் டப் என்று பள்ளியில் படித்தது
கதவு திறக்கும் ஓசை என்றே இருந்தேன்.
மூடுற சத்தம்ணா அது.
நல்ல கதவு திறக்கிறது காதுல விழாது.

என் கதவு மூடிய பின்னும்
உஸ் என்றது.

அந்த உஸ்ஸை எனக்குத் தெரியும்.
நாலாம் வால்வு, போன ஆடியில்.
ராத்திரி இரண்டு மணிக்குக் குழியில் இறங்கி
இரும்பில் காதை வைத்துக் கேட்டது.
வாங்கர் தேய்ந்து, போன தண்ணீர் பின்னால் ஒழுகியது.
இருபது ரூபாய் வாஷர்.

சின்ன வயசுல தொண்டை வலிச்சு
மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?
வந்தது. பத்து வயசில்.
வேப்பிலை அடித்தார்கள், வீக்கம் வடிந்தது,
போய்விட்டது என்று ஆட்டுக்கறி ஆக்கினார்கள்.
போகவில்லை.
கதவோரம் உட்கார்ந்து
நாற்பத்து மூன்று வருஷமாய்
விளிம்பைச் சுருட்டியிருக்கிறது.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
உடம்பில் மொத்தம் ஐந்து லிட்டர்.
அரைக் குடம்கூட இல்லை.
அதையே நிமிஷத்துக்கு ஒரு தடவை சுற்ற விட்டு
நாளைக்கு ஏழாயிரம் லிட்டர் தள்ளுகிறது.
எங்கள் முப்பதாயிரம் லிட்டர் தொட்டியை
நாலு நாளும் கொஞ்ச நேரமும் போதும், நிரப்பிவிடும்,
கைமுட்டி அளவுச் சதை. கரண்ட் இல்லாமல்.

ஆனால் ஒரு வித்தியாசம்.
நான் விட்ட தண்ணீர் ஒருநாளும்
திரும்பி வந்து என்னைப் பார்த்ததில்லை.
இது கால் சுண்டுவிரல்வரை போய்
காற்றைக் கொடுத்துவிட்டு, கறுத்து, களைத்து,
மேடேறி வந்து நிற்கிறது வாசலில்.
மறுபடி அனுப்பு என்கிறது.

பசையைத் துடைக்கும்போது அவள் சொன்னது
பாலத்து வளைவில்தான் உறைத்தது.
இதயத்துக்கும் ரத்தம் வேணும்ல?
முதல் குழாயே அதுக்குத்தான் பிரியுது.
ஆனா அமுக்கித் தள்ளுறப்ப அதுக்குச் சரியா எறங்காது.
தளர்ந்து கிடக்குற நேரம் இருக்கு பாருங்க,
அப்பத்தான் அது குடிக்கும்.

எங்கள் வீடு ஒன்பதாம் வால்வில்.
பச்சையம்மா பத்து வருஷமாய்க்
கடைசிக் குடத்தோடு நிற்கிறாள்.
ஊர்க்காரன் வாய்க்குப் பயந்து
நான் வைத்த வரிசை அது.

மறுநாள் விடிகாலை நாலரை.
ஒன்று, இரண்டு, மூன்று திறந்தேன்.
நாலைத் திருகும்போது மூச்சு இழுத்தது.
குழி விளிம்பில் உட்கார்ந்தேன்.
ஈரச் சிமெண்டு. தூரத்தில் தக்காளி லாரி.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே
இவ்வளவு இடம் இருப்பது
இத்தனை வருஷம் தெரியவில்லை.

மேட்டுத் தெருவிலிருந்து ஒரு குரல்:
இன்னும் வரலியே!

வரும் என்றேன்.
எழுந்திருக்கவில்லை.